அறை அறையாக வாடகைக்கு விடும் வீடு: லண்டனில் எச்.எம்.ஓ லைசென்ஸுக்கான தீப் பாதுகாப்பு வேலைகள்

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் குசினியையும் குளியலறையையும் பகிர்ந்து இருந்தால், உள்ளூர்க் கவுன்சிலிடம் எச்.எம்.ஓ (House in Multiple Occupation, பலர் பகிர்ந்து இருக்கும் வீடு) லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும். 2018 ஒக்டோபர் 1 முதல் வீடு எத்தனை மாடி என்பது கணக்கில் இல்லை. லண்டனில் பல கவுன்சில்கள் மூன்று, நான்கு பேர் இருந்தாலே லைசென்ஸ் கேட்கின்றன. ஆகவே உங்கள் கவுன்சில் வெளியிட்டிருக்கும் எச்.எம்.ஓ தர விதிகளை முழுக்க வாசித்துவிட்டுத்தான் கடைக்குப் போகவேண்டும்.

பெரும்பாலான வீட்டுக்காரர் முதலில் அலாரம் வாங்குகிறார்கள். நாங்கள் எப்போதும் தீ அபாய மதிப்பீட்டிலிருந்துதான் தொடங்குவோம். 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை இப்படியான வீட்டின் பொது இடங்களுக்கும் பொருந்தும். 2023 ஒக்டோபர் 1 முதல் அந்த மதிப்பீட்டை முழுமையாக எழுதி வைத்திருக்கவேண்டும். மதிப்பீட்டாளர் வீட்டைச் சுற்றி வரும்போது பார்ப்பது ஒன்றைத்தான்: இரவு இரண்டு மணிக்குக் குசினியில் தீப்பிடித்தால், மேல்மாடி அறையில் தூங்குபவர் புகையில்லாத படிக்கட்டால் இறங்கி வாசலுக்கு வர முடியுமா? செலவு முழுவதும் அந்தப் படிக்கட்டைக் காக்கத்தான். குசினிக்குள்ளால் மட்டும் போய்வரக்கூடிய படுக்கையறை இருந்தால் பிரச்சினை உடனே பெரிதாகும். தப்பிக்கும் யன்னல் கேட்பார்கள்: திறக்கும் பகுதி 0.33 சதுர மீற்றருக்குக் குறையாமல், உயரமும் அகலமும் குறைந்தது 450 மி.மீ., அடிப்பகுதி தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேற்படாமல்.

அதிகம் பிழையாகிப் போவது கதவுகள்தான். படிக்கட்டுப் பக்கம் திறக்கும் படுக்கையறைக் கதவுக்கும் குசினிக் கதவுக்கும் வழக்கமாகக் கேட்பது எஃப்.டி.30 எஸ்: 30 நிமிடம் தீயைத் தாங்கி, புகையையும் தடுக்கும் கதவு. பொதுவாக 44 மி.மீ. தடிப்பு, மூன்று பிணைச்சல். கதவின் விளிம்பிலோ நிலையிலோ சூட்டில் பொங்கி இடைவெளியை அடைக்கும் பட்டியும், அதோடு புகையை மறிக்கும் மயிர்ப் பட்டியும் இருக்கவேண்டும். மேலேயும் இரு பக்கமும் இடைவெளி 2 முதல் 4 மி.மீ.

வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீட்டில் நிலைகள் நேராக இருப்பதில்லை. தச்சர் கதவைச் சீவிச் சீவிப் பொருத்துவார். தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்கு மேல் சீவினால் கதவின் சான்று செல்லாது. மேல் விளிம்பைச் சீவும்போது சான்று லேபிளும் சேர்ந்து போய்விடும்; அதன் பிறகு அது தீக்கதவு என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. வளைந்த நிலைக்குக் கதவும் நிலையும் சேர்ந்த செட்டாக வாங்குவதுதான் கடைசியில் மலிவு. நிலைக்கும் சுவருக்கும் நடுவே தீத்தாங்காத சாதாரண நுரையை அடித்து மறைத்துவிடுவதும் அடிக்கடி பார்க்கும் பிழை. பெயின்ட் அடிப்பவர் மயிர்ப் பட்டியின் மேலேயே தூரிகையை இழுத்துவிடுவார். அது காய்ந்து இறுகிய பிறகு புகையைத் தடுக்காது. கதவுக்கு மேல் பழைய கண்ணாடி இருந்தால் கதவை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்த இடத்தைத் தீத்தாங்கும் பலகையாலோ கண்ணாடியாலோ மூடவேண்டும்.

குளோசர் என்பது கதவைத் தானாக மூடும் கருவி. கதவை எந்தக் கோணத்தில் விட்டாலும், பூட்டின் நாக்கு நிலைக்குள் விழும்வரை அது கதவை மூடவேண்டும். பாதித் தூரத்தில் நின்றால் குளோசரின் திருகாணியைத் திருகி வேகத்தைச் சரிசெய்யுங்கள். மிக வேகமாக அடித்தால், இருப்பவர்கள் சத்தம் தாங்காமல் கீழே ஆப்பு வைத்துவிடுவார்கள். ஆப்பு வைத்த தீக்கதவு வெறும் மரம்.

அலாரம் ஒப்பீட்டளவில் சுலபம். படிக்கட்டின் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம். குசினியில் வெப்ப அலாரம். குசினியில் புகை அலாரம் போட்டால் ஒவ்வொரு பொரியலுக்கும் கத்தும், இரண்டாம் கிழமை யாராவது கழற்றிவிடுவார்கள். எல்லாம் மின்சாரத்தில் ஓடி, உள்ளே நிரந்தர பற்றரியோடு, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைந்திருக்கவேண்டும். ரேடியோ இணைப்பு என்றால் ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். வெவ்வேறு கம்பனியின் அலாரங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாது. வேறு எந்தெந்த அறைக்கு வேண்டும் என்பதை மதிப்பீடு சொல்லும். காஸ் பொயிலர் உள்ள அறையில் ஆட்கள் புழங்கினால் அங்கே கார்பன் மொனொக்சைட் அலாரம் வேண்டும். இது 2022 ஒக்டோபர் முதல் சட்டம்.

பூட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறைக் கதவும் முன்வாசலும் உள்ளிருந்து திறப்பு (சாவி) இல்லாமல் கையால் திருகித் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். புகையில் திறப்பைத் தேடி யாராலும் எடுக்க முடியாது.

நடைவழியில் எதுவுமே வேண்டாம். டெலிவரி வேலை செய்பவர்கள் மின்சைக்கிளை அங்கேதான் நிறுத்திச் சார்ஜில் போடுகிறார்கள். அந்த லிதியம் பற்றரி வெடித்து எரிந்தால் ஒரே வெளிவாசலும் அடைபட்டுப் போகும். இதை வாய்ச்சொல்லாக விடாமல் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், சைக்கிளுக்குப் பின்வளவில் இடமும் கொடுங்கள்.

கவுன்சில் அதிகாரி வரும் நாளுக்கு மின்சார அறிக்கை (ஐந்து வருடத்துக்கு ஒருமுறை), காஸ் சான்றிதழ் (வருடாவருடம்), அலாரம் பொருத்திய சான்று, கதவுகளின் பற்றுச்சீட்டு, தீ அபாய மதிப்பீடு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். புதிதாக ஒருவர் குடிவரும் முதல் நாளில் அலாரம் வேலைசெய்கிறதா என்று வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். பட்டனைக் குடிவருபவர் முன்னாலேயே அமுக்கிக் காட்டி, திகதி போட்டுக் கையெழுத்து வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.