பொர்குண்ட் மரத் தேவாலயத்துக்கு ஒரு நடைப்பயணம்

நார்வேயின் லேர்டால் பள்ளத்தாக்கிலுள்ள பொர்குண்ட் மரத் தேவாலயத்துக்கு வண்டியிலேயே போய் இறங்கலாம் என்றாலும், திருத்தலத்துக்குக் கால்நடையாகப் போய்ச் சேர்வதே முறை என்று கருதி, ஹூசும் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து விண்ட்ஹெல்லா பாதையில் நடந்தோம். ஒஸ்லோவையும் பெர்கனையும் இணைத்த பழைய அரச பாதையின் ஒரு பகுதி இது. பாறை இடுக்கில், கல் அடுக்கிய தாங்குசுவர்களின் மேல் வளைந்து வளைந்து செல்லும் இதன் செங்குத்தைப் பார்த்தால், குதிரை வண்டிகள் இதில் ஓடின என்பதை நம்ப மனம் வராது.

ஆலயத்தை நெருங்கியதும் கண்ணுக்கு முன்பாக மூக்குக்கே தரிசனம் கிடைத்தது. மரம் மழையில் உளுத்துவிடாமலிருக்கப் பூசும் பைன் தாரின் மணம் அது. 1180ஆம் ஆண்டையொட்டி வெட்டிய மரங்களால் எழுந்த ஆலயம் இன்றும் நிற்பதற்கு இந்தத் தாரும், தூண்கள் மண்ணில் புதையாமல் கல் அடித்தளத்தின்மீது கிடத்திய உத்தரங்களில் ஊன்றி நிற்பதும் காரணங்கள். அடுக்கடுக்காக உயரும் கூரையின் முகடுகளில் சிலுவைகளும், வாய் பிளந்த டிராகன் தலைகளும் ஒருசேர நிற்கின்றன.

உள்ளே மங்கிய இருள். உயரத்திலுள்ள சிறு வட்டத் துளைகள் வழியே மட்டும் வெளிச்சம் இறங்குகிறது. இவ்வாலயம் இயேசுவின் சீடரான புனித அந்திரேயாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோல் பிணைந்த மரச்சட்டங்கள் கட்டடத்தின் உறுதிக்காக அமைந்தவைதாம். ஆயினும் அந்திரேயா அத்தகைய சிலுவையில் உயிர்நீத்தார் என்ற மரபை அறிந்தவர், அண்ணாந்து பார்க்கையில் கைகூப்பாமல் இருக்க முடியாது.

என்னை அதிகம் தொட்டது ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் அமைந்த ஒரு பொறிப்பு. நார்வேயின் காவல் புனிதரான ஓலாவின் திருநாளையொட்டிய மாலையில் இவ்வழியே போன தோரிர் என்ற பயணி, விதியை வகுக்கும் நோர்ன் தேவதைகள் தனக்கு நன்மையும் தீமையும் செய்து பெருந்துயரைத் தந்ததாக மரத்தில் கீறிவைத்திருக்கிறார். கிறிஸ்தவ ஆலயத்தில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய தேவதைகளைப் பற்றிய முறையீடு! எனக்கு அதில் குறை தெரியவில்லை. வேதாகமத்தின் சங்கீதங்களிலும் புலம்பல் நிறைய உண்டல்லவா?

ஆலயங்கள் ஊராரில் குறிப்பிட்ட பங்கினரைக் கொள்ளுமளவு பெரியவையாக இருக்கவேண்டும் என்ற 1851ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல மரத் தேவாலயங்கள் இடிபட்டன. இங்கோ 1868இல் பக்கத்திலேயே புதிய ஆலயம் எழுந்தது. பழையதை 1877இல் தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் வாங்கிக் காத்தது. ஆதலால் இன்று நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் ஜெபத்தை வெளித் திருச்சுற்றில் ஓரமாக நின்று சொல்லிக்கொண்டோம். திரும்புகையில் நார்வேயின் பழைய மன்னர் ஸ்வெர்ரேயின் பெயரால் வழங்கும் மலைப்பாதையைப் பிடித்தோம்.