பச்சை சாத்தி, சைக்கிள் மிதித்து, செந்தூர் வரை

மகளுக்குக் காலில் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தபோது அம்மா யாரையும் கேட்காமல் நேர்ந்துகொண்டாள்: "செந்திலாண்டவா, என் பேத்தி தன் காலால மிதிச்சு உன் வாசலுக்கு வருவா." நடந்து போவது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். சைக்கிள் எங்கிருந்து வந்தது என்றால், "டாக்டரம்மா சைக்கிள் ஓட்டத்தானே சொன்னாங்க" என்கிறாள்.

மதுரையிலிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூருக்குச் சுமார் 180 கிலோமீட்டர். மச்சான் போனில் மேப்பைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்றார். அது அவர் காலுக்குச் சரி. கூட்டமாகப் போகும்போது கடைசியாக வருபவரின் கால்தான் கணக்கு. அதனால் அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி என்று தங்கல் பிரித்தோம். நாற்கரச் சாலையில் இருட்டில் மிதிப்பதில்லை. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிறுத்தி, தாழ்ந்ததும் மறுபடி. ஆம்பளைகள் எங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தால் போதும். என் மனைவிதான் ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டு, பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, சைக்கிளை உள்ளே ஏற்ற முடியுமா என்று கேட்டாள்.

அப்படிக் கேட்டும் எட்டயபுரம் பக்கம் பேசி வைத்திருந்த மண்டபத்தில் கல்யாணம். வாசலில் சீரியல் லைட்டைப் பார்த்ததும் மகள் அழுதேவிட்டாள். பச்சை வேட்டியைப் பார்த்த ஒரு பெரியவர், "முருகனுக்குப் போற பிள்ளைகளா?" என்று கேட்டு, தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுக் குளியலறையை எங்கள் பெண்களுக்குக் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

மறுநாள் கரிசல் காட்டில் வாடைக்காற்று இடப்பக்கமிருந்து தள்ளித் தள்ளி அடித்தது. குறுக்குச்சாலைக்கு முன்னால் மகளின் பின்சக்கரம் பஞ்சர். சீமைக்கருவேல முள், டயரைத் தாண்டி டியூபில் முறிந்து நின்றது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்து ஒட்டிவிட்டு, டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவி இன்னொரு முள் நுனியையும் பிடுங்கினார். காசு வாங்கவில்லை. தன் பங்குக்குச் சில்லறையைக் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னார்.

தூத்துக்குடி தாண்டியதும் அதே காற்று முதுகில் கை வைத்தது. தாமிரபரணிப் பாலம், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், காயல்பட்டினம்... எப்படி வந்தோமோ.

கூட்டம் வேண்டாமென்று சஷ்டியை விட்டுத் தள்ளித்தான் நாள் பார்த்தோம். ஆனாலும் வரிசை நகரவே இல்லை. நடுவில், "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன் சார்" என்று ஒருத்தர் விடாமல் கூடவே வந்தார். கடலில் முங்கி நாழிக்கிணற்றில் குளித்த ஈரம் காயுமுன்னே இப்படி ஒரு எரிச்சல்! அம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஆள் போய்விட்டார்.

உள்ளே, கையில் பூவும் ஜெபமாலையுமாய் நின்ற கோலம். தள்ளிக்கொண்டே இருந்தார்கள். என் மகள் எக்கவில்லை, யார் தோளையும் பிடிக்கவில்லை; இரண்டு கால்களையும் ஊன்றி நின்றாள். நான் சாமியைப் பார்த்தேனா, அந்தக் கால்களைப் பார்த்தேனா, சொல்லத் தெரியவில்லை. இலை விபூதியை வாங்கியதும் அம்மா குனிந்து முதலில் பேத்தியின் முழங்காலில்தான் பூசினாள். முருகா, முருகா என்பதற்கு மேல் யாருக்கும் வார்த்தை வரவில்லை.

பஞ்சர் கடை அண்ணனின் சில்லறையை மகளே உண்டியலில் போட்டாள். அவருக்கும், அந்தப் பெரியவருக்கும், பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கும் ஒரு குறையும் வைக்காதே, அப்பனே. செந்திலாண்டவனுக்கு அரோகரா!