செவிவழிச் சாட்சியம் என்ற ஆட்சேபணையைக் கடந்த அனுபவம்

அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கில் சாட்சியப் பதிவு ஒருவழியாக முடிந்து, இப்போது வாதுரைக்காகப் போடப்பட்டிருக்கிறது. காவேரிப்பட்டணம் அருகிலுள்ள மாந்தோப்பில் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் தாயாருக்கு, சேர வேண்டிய பங்கைக் கேட்டு, 2022-இல் கிருஷ்ணகிரியில் தொடுத்த வழக்கு இது. அம்மாயி அந்த நிலத்துக்காரரின் மகளே அல்ல என்று எதிர்த்தரப்பினர் தங்கள் பதிலுரையில் எழுதியதால், தோப்பைப் பற்றிய வழக்கு உறவை மெய்ப்பிக்கும் வழக்காக மாறிவிட்டது. அந்த உறவை நேரில் அறிந்தவர்களில் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சம்மன், பதிலுரை, நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளான எழுவினாக்கள் எல்லாம் வழக்கமான வாய்தாக்களோடு நகர்ந்தன. இடறியது அம்மாவின் நிரூபண வாக்குமூலத்தில்தான்; சாட்சி தன் சாட்சியத்தை எழுத்தில் தருவது அது. வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து தந்ததில், “இன்னார் என் தாயாரின் தந்தை என்று என் தாயார் கூறக் கேட்டிருக்கிறேன்” என்று ஒரே வரி இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும், இது செவிவழிச் செய்தி என்று ஆட்சேபித்தார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. பெற்ற தாய் சொன்னதைச் சொல்லக்கூடாதா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சொல்லலாம். அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, இறந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றிக் கூறியதை ஏற்க இடம் தருகிறது. ஆனால் அந்த விதிவிலக்கு தானாக வந்து நம்மைக் காப்பாற்றாது. கூறியவர் இறந்துவிட்டார் என்பதையும், அந்த உறவைத் தனிப்பட அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பதையும், தகராறு எழுவதற்கு முன்பே அவர் அதைக் கூறினார் என்பதையும் நாம்தான் முதலில் காட்ட வேண்டும். எங்கள் வாக்குமூலத்தில் இவை எதுவுமே இல்லை. கூடுதல் வாக்குமூலம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டு, அதற்கும் எதிருரை வாங்கி, பல மாதங்கள் கரைந்தன. ஆகவே வாக்குமூலத்தில் கையெழுத்திடுவதற்கு முன், “சொன்னார்” என்று வரும் ஒவ்வோரிடத்திலும் யார், எப்போது, இன்று உயிருடன் இருக்கிறாரா என்ற விவரங்கள் இருக்கின்றனவா என்று நீங்களே வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் அம்மாவின் அப்பாவான தாத்தாவின் மொய் நோட்டு. 1959-இல் அம்மாவுக்குக் காது குத்தியபோது தாத்தா தம் கைப்பட எழுதியது. அதில் அம்மாயியின் அண்ணன் பெயருக்கு நேரே “மாமன் சீர், தோடு ஒரு ஜோடி, சேலை, ரூ.11” என்று இருக்கிறது. அந்த அண்ணன் நிலத்துக்காரரின் மகன் என்பதை எதிர்த்தரப்பே மறுக்கவில்லை. இதையும் 32-ஆவது பிரிவின் கீழ் கொண்டுவர, எழுதிய தாத்தா இறந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அவர் 1979-இல் இறந்தார். இறப்புச் சான்று வீட்டில் இல்லை. ஈமச்சடங்கில் இருந்த அம்மாவின் சொல்லே நேரடிச் சாட்சியம்தான் என்றாலும், ஒரு காகிதம் இருந்துவிட்டால் குறுக்கு விசாரணையில் அதைக் கேள்வி கேட்கும் வழி அடைபடும் என்று எங்கள் வழக்கறிஞர் கருதினார்.

இறப்புப் பதிவேடு இருக்க வேண்டிய அலுவலகத்தில், “அப்ப இது தர்மபுரி மாவட்டங்க, அங்க போய்க் கேளுங்க” என்று எழுத்தர் நிமிர்ந்தும் பாராமல் அனுப்பிவிட்டார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான் என்பதால் நானும் நம்பித் தர்மபுரிக்குப் பேருந்து ஏறினேன். மாவட்டம் பிரிந்ததற்காக ஊர்ப் பதிவேடு இங்கே வந்துவிடாது, உங்கள் பக்கத்திலேயே தேடச் சொல்லுங்கள் என்று அங்கிருந்தவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போனதைவிட, அந்த அலட்சியம்தான் இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது. பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எந்தப் பதிவேடு யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமை இருப்பதால், இல்லை என்ற பதிவேடு அதே அலுவலகத்தின் அலமாரியிலிருந்து வெளிவந்தது. வாய்மொழியாக “இல்லை” என்றால் நகராதீர்கள்; எழுத்தில் கேளுங்கள்.

மொய் நோட்டை வழக்கின் ஆவணமாக எண்ணிட்டுக் குறியீடு செய்த அன்று, கையெழுத்து தாத்தாவுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அம்மா சாட்சிக் கூண்டில் நின்றபடியே மங்கிய மையில் விரலை வைத்து, “எங்கப்பா ‘று’ எழுதினா கடைசிச் சுழியை மேல இழுத்து விடுவாருங்க, எனக்கு எழுதப் பழக்குனதே அவருதான்” என்றார். ஒருவரின் கையெழுத்தைப் பழகி அறிந்தவர் அதை அடையாளம் காட்டலாம் என்கிறது 47-ஆவது பிரிவு. நீதிபதி நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியீடு செய்தார். அன்று எனக்கு மூச்சு வந்தது.

எண்பது கடந்த பக்கத்து வீட்டுப் பெரியவரின் சாட்சியமும் எங்களுக்குக் கைகொடுத்தது. அவர் “ஊரே சொல்லும்” என்றிருந்தால் அது செவிவழி. அம்மாயியின் அண்ணன் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தியதை நேரில் பார்த்தேன் என்று அவர் சொன்னது, உறவைப் பற்றிய கருத்தை நடத்தையால் காட்டியதற்கு 50-ஆவது பிரிவின்கீழ் நேரடிச் சாட்சியம். 1959-இல் உச்ச நீதிமன்றம் டோல்கோபிந்தா பரிச்சா வழக்கில் இதை விரிவாக விளக்கியிருக்கிறது.

இவ்வளவு காலம் ஏன் வழக்குப் போடவில்லை என்ற கேள்விக்கு, “பங்கைப் பிரித்துத் தருகிறேன் என்று மாமா சொல்லிவந்தார்” என்று அம்மா சொன்னபோதும் அதே ஆட்சேபணை எழுந்தது. எங்கள் வழக்கறிஞர், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சிலின் 1956-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து நீட்டினார். மலாயாவில் தோட்டாக்கள் வைத்திருந்ததற்காக மரண தண்டனை பெற்ற சுப்பிரமணியம் என்பவரின் மேல்முறையீடு அது. பயங்கரவாதிகள் தன்னை மிரட்டிச் சொன்னவற்றை அவர் கூறவந்தபோது, செவிவழி என்று விசாரணை நீதிமன்றம் தடுத்துவிட்டது. சொன்னது உண்மையா என்பதற்காக அல்லாமல், அப்படிச் சொல்லப்பட்டது என்பதற்காகக் கூறப்படும் சாட்சியம் செவிவழி ஆகாது என்று பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. மாமாவின் பேச்சை நம்பி அம்மா காத்திருந்தார் என்பதைக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

வழக்குத் தொடுத்த பின் மூத்த உறவினர்களின் பேச்சை செல்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் இறந்த பின் அந்தப் பதிவு, தகராறுக்கு முன் கூறியது என்ற நிபந்தனையிலேயே விழுந்துவிடும். அவர் உயிரோடு இருக்கும்போதே, நடமாட முடியாத அந்த முதியவரை நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கு வந்து விசாரிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளையின்கீழ் மனுச் செய்யுங்கள். குறுக்கு விசாரணையும் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் வழக்கு முன்பே நிலுவையில் இருந்ததால் பழைய சட்டப்படியே நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தொடுத்த வழக்குகளுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் பொருந்தும். அதில் 60-ஆவது பிரிவு 55 ஆகவும், 32-ஆவது பிரிவு 26 ஆகவும், 50-ஆவது பிரிவு 44 ஆகவும் மாறியிருக்கின்றன. மனுவில் எண்ணைச் சரிபார்த்து எழுதச் சொல்லுங்கள்.