கனடாவில் பூர்வகுடியினர் வீட்டுக் கதவைத் தட்டும் முன்

2020 ஜூனில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் எட்மன்ட்ஸ்டன் நகரில், நலம் விசாரிக்கச் சென்ற காவலர் சுட்டதில் சான்டெல் மூர் என்ற பூர்வகுடிப் பெண் இறந்தார். நலம் விசாரிக்கவோ மனநல நெருக்கடிக்கோ காவல்துறையை அனுப்புவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். 2022-இல் டொரன்டோ தொடங்கிய சமூக நெருக்கடிச் சேவையில், காவலர் இல்லாமலே குழு வருகிறது. சமூக உதவிகளுக்கான 211 எண்ணை அழைத்தும் இக்குழுவைக் கேட்கலாம். சேவையின் ஒரு பிரிவைப் பூர்வகுடி அமைப்பே நடத்துகிறது. இது சரியான வழி.

இப்படி வீட்டுக்குப் போகும் குழுவில் இருவர் போதும்: ஒரு நெருக்கடிப் பணியாளர், அந்த வீட்டாரின் சமூகத்தை அறிந்த ஒரு துணையாளர். சீருடை வேண்டாம். வண்டியில் தண்ணீர், போர்வை, நலோக்சோன் (ஓபியாய்டு போதைப்பொருள் அளவு மீறினால் உயிர்காக்கும் மருந்து) இருக்கட்டும்.

வாசலிலேயே பெயரையும், யார் அழைத்தார்கள் என்பதையும், காவலர் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். உள்ளே வர அனுமதி கேளுங்கள். பிறகு பேச்சைக் குறையுங்கள். பதில் வரத் தாமதமானால் அடுத்த கேள்வியைத் திணிக்காதீர்கள். அந்த மௌனத்தை 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதுவது பெரிய அநீதி.

பூர்வகுடியினர் பலர் மனத்தையும் இடத்தையும் தூய்மைப்படுத்த ஏற்றும் சேஜ் மூலிகை இலைப் புகை, அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சடங்கல்ல. வடதுருவப் பகுதிப் பூர்வகுடியினரான இனுவிட் மக்களின் மரபு வேறு. கிறித்தவக் குடும்பங்களில் சிலர் விரும்புவதில்லை. கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். (புகை எச்சரிக்கைக் கருவியையும் கவனியுங்கள்.)

குழந்தைகள் இருக்கும் வீட்டில், குழந்தை நல அதிகாரிகள் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சமே வாயை அடைக்கும். எதைச் சட்டப்படி அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே இருவர் மீண்டும் போக வேண்டும்.