கடல்நாய் எலும்பும் அதன் துண்டுச்சீட்டும்

மெல்பேர்ணில் ஓர் அருங்காட்சியகக் கிடங்கில் வேலை என்று சொன்னால், எங்கட சனம் முதலில் கேட்பது டைனோசரைத்தான். டைனோசர் என் பகுதியில் இல்லை. என் மேசைக்கு வருவது கடல் பாலூட்டிகள்: திமிங்கில முள்ளெலும்பு, டொல்பின் பல், அப்புறம் உள்ளங்கைக்குள் அடங்கும் கடல்நாய் எலும்புத் துண்டுகள். எலும்பின் ஓரத்தில் மெல்லிய பிசின் பூசி, காய்ந்ததும் அதன் மேல் மையால் இலக்கம் எழுதி, மறுபடியும் ஒரு பூச்சு. பிறகு பெட்டி, துண்டுச்சீட்டு, கணினிப் பதிவு. கேட்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது காதுப் பகுதி எலும்பு. மண்டையோட்டின் மற்றப் பாகங்கள் அலையில் நொறுங்கிப் போனாலும் இது மிஞ்சும், அவ்வளவு கெட்டி. பியூமாரிஸ் கரையில் கிடைப்பது கரும் பழுப்பாகப் பளபளக்கும். கையில் எடுத்தால் இத்தனை சின்னத் துண்டுக்கு இவ்வளவு பாரமா என்றிருக்கும். பியூமாரிஸ், நகரத்தின் தென்கிழக்கே சனம் நாயோடு உலாவப் போகிற சாதாரணக் கடற்கரை. அங்குள்ள செம்மண் குன்றின் அடியிலும் கடலடியிலும் ஐந்து, ஆறு மில்லியன் வருடப் பழைய படிவுகள் இருக்கின்றன. அலை அரித்து அரித்து எலும்பைக் கரையில் போடுகிறது. 1983 இல் யூவன் போர்டைஸ், டிம் பிளனரி என்ற இரு ஆய்வாளர்கள் விக்டோரியாவில் கிடைத்த இப்படிப்பட்ட துண்டுகளை விவரித்து, இவை உண்மைக் கடல்நாய்களுடையவை, அதாவது வெளிக்காது இல்லாத வகையுடையவை, என்று எழுதினார்கள்.

அதிலென்ன அதிசயம் என்றால், இன்று அவுஸ்திரேலியப் பெருநிலக் கரைகளில் குட்டி போட்டு வாழ்வதெல்லாம் வெளிக்காது உள்ள வகை: கடற்சிங்கமும் மென்மயிர்க் கடல்நாயும். அவை பின்துடுப்பை முன்னால் மடக்கி, பாறையில் ஏறக் கூடியவை. உண்மைக் கடல்நாய்க்கு அது முடியாது, வயிற்றால்தான் ஊர்ந்து போக வேண்டும். அந்த வகையில் இப்போது இங்கே வருவது சிறுத்தைக் கடல்நாய், யானைக் கடல்நாய் போல தெற்கிலிருந்து வழிதவறுபவைதான். ஆக, இந்தக் கரையில் ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. பனியுகங்களில் கடல்மட்டம் ஏறி இறங்கியதில் மணற்கரைகள் குறைந்து, பாறை ஏறத் தெரியாதவை தோற்றுப் போயின என்று ஜேம்ஸ் ரூல் என்ற ஆய்வாளரின் குழு ஒரு விளக்கம் தருகிறது. கருதுகோள்தான், ஆனால் விலங்கு எப்படி நகருகிறது என்பதிலிருந்து தொடங்குவதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு நீண்ட காலம் ஒரே பதில்தான் இருந்தது: வட அத்திலாந்திக். அங்கே தோன்றி, பிறகு நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே இறங்கின என்பார்கள். அந்தப் பதிலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பைச் சுற்றிக் கோட்டை கட்டவும் துறைமுகம் வெட்டவும் தோண்டிய குழிகளில் எலும்பு எலும்பாகக் கிடைத்தது, 1870களில் வான் பெனடன் என்ற விலங்கியலாளர் அவற்றுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். அமெரிக்கப் பக்கம் மேரிலாந்தின் குன்றுகள். லெப்டோபோகா என்ற பழைய கடல்நாய் அத்திலாந்திக்கின் இரு கரையிலும் கிடைக்கிறது. சரி, ஆனால் அன்ட்வேர்ப்பிலும் மேரிலாந்திலும் நூற்றைம்பது வருடமாகத் தோண்டியவர்களும், வாங்கி வைக்க அருங்காட்சியகங்களும் இருந்தன. தெற்கில் அதே அளவுக்கு யார் குனிந்து பார்த்தார்கள்? பரவல் வரைபடம் என்று நாங்கள் போடுவதில் பாதி, மனிதர்கள் எங்கே பொறுக்கினார்கள் என்பதன் வரைபடம். கிடங்கில் இருந்து பார்க்கிறவளுக்கு இது நன்றாகவே தெரியும்.

2020 நவம்பரில் அந்த வட அத்திலாந்திக் பதில் வெளிப்படையாகவே உடைந்தது. நியூசிலாந்தின் தென் தாரனாக்கிக் கரையில், சம்பளத்துக்கு அல்லாமல் ஆசைக்கு உயிர்ச்சுவடு தேடும் உள்ளூர்க்காரர்கள் 2009 இலிருந்து 2016 வரை எடுத்துக் கொடுத்தவற்றில் ஒரு முழு மண்டையோடும் இருந்தது. ரூலின் குழு அதற்கு இயோமொனாகஸ் என்று பெயர் வைத்தது. வயது சுமார் மூன்று மில்லியன் வருடம், நீளம் இரண்டரை மீற்றர், எடை 200 முதல் 250 கிலோ. அது உண்மைக் கடல்நாய்களில் ஒரு வகையான துறவிக் கடல்நாய். இன்று துறவிக் கடல்நாய்கள் ஹவாயிலும் மத்தியதரைக் கடல் பக்கமும்தான் உண்டு. கரீபியன் இனத்தைக் கடைசியாகக் கண்டது 1952 இல். எல்லாம் வடக்கு. அந்தக் குடும்பத்தின் பழைய உறவுக்காரி நியூசிலாந்தில் கிடந்தால் கதை தலைகீழ்தானே. தென் கடல்நாய்களும் துறவிகளும் தெற்கிலேயே உருவாகி, நிலநடுக்கோட்டைப் பல தடவை கடந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள்.

கடப்பது சும்மா விஷயமில்லை. திமிங்கிலம் தண்ணீரிலேயே குட்டி போடும். கடல்நாய்க்கு நிலமோ பனிக்கட்டியோ வேண்டும், சாப்பாடு நிறைந்த கடலும் பக்கத்தில் வேண்டும். பெருவின் பிஸ்கோ படிவுகளில் முயிசோன் 1981 இல் விவரித்த நீள்கழுத்து அக்ரோபோகாவும், தென்னாபிரிக்காவின் லங்கபான்வெக் பொஸ்பேற்றுச் சுரங்கத்தில் குவிந்து கிடந்த ஹோமிபோகாவும் இன்று குளிர்ந்த நீர் அடியிலிருந்து எழுவதால் சாப்பாடு நிறைந்திருக்கும் கரைகளில்தான் கிடைத்தன. பனாமா நிலப்பாலம் மூடியது ஏறக்குறைய மூன்று மில்லியன் வருடத்துக்கு முன். அதற்கு முன் அத்திலாந்திக்குக்கும் பசிபிக்குக்கும் இடையே வழி திறந்தே இருந்தது. ஹவாய் இனமும் கரீபியன் இனமும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்பதற்கு அந்த வாசல்தான் காரணம் என்பார்கள்.

வடக்கு இந்து சமுத்திரத்தில் குடியிருக்கும் கடல்நாய் இல்லை. ஆனால் 2019 கடைசியில் இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒரு தென் யானைக் கடல்நாய் வந்து படுத்தது. கொழும்பிலிருந்து மச்சாள் படம் அனுப்பி, “இது உங்கட ஆளோ?” என்று கேட்டாள். எங்கட ஆள்தான். தனியாக வந்த ஒன்று இனத்தைப் பரப்பாது. ஆனாலும் நிலநடுக்கோட்டைத் தாண்ட முடியுமா என்று யாராவது கேட்டால் நான் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

எல்லாத் துண்டும் காதெலும்பு போல நேர்மையாகப் பேசுவதில்லை. தொடையெலும்பு குட்டையாக, இரு முனையும் விரிந்து, உடுக்கை மாதிரி இருக்கும். பார்த்ததும் கடல்நாய் என்று தெரிந்துவிடும். எந்தக் கடல்நாய் என்பதுதான் வம்பு. தனி எலும்பை மட்டும் வைத்து எத்தனையோ இனங்களுக்குப் பெயர் சூட்டியாயிற்று. எங்கோ கிடைத்த தாடையையும் வேறெங்கோ கிடைத்த தொடையெலும்பையும் வாழ்க்கைமுறை பார்த்து ஜோடி சேர்க்கிற வழக்கமும் இருந்தது. 2024 இல் வந்த ஓர் ஆய்வு அதை அளந்து பார்த்து, செல்லாது என்றது. அந்தப் பெயர்களில் பாதியைக் கைவிட்டால் பரவல் கதை மெலியும், ஆனால் தெளியும் என்பது என் எண்ணம். எங்கள் பதிவுகளில் பல இப்போது ‘கடல்நாய், இனம் நிச்சயமில்லை’ என்றுதான் நிற்கின்றன.

இதைவிடப் பெரிய இழப்பு துண்டுச்சீட்டில் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவர் ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டு வருகிறார். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றி, திகதி, எந்தப் படகுத்துறைக்கு எந்தப் பக்கம், நீர் வற்றிய நேரமா என்பது வரை பென்சிலால் எழுதியிருக்கிறார். அவரிடம் எனக்கு அளவில்லாத மரியாதை. அதே வாரம் வேறொரு நிறுவனத்திலிருந்து அழகான மேல்தாடைத் துண்டு வந்தது, இரண்டு பற்கள் இன்னும் குழியில். சீட்டில் ‘கடற்கரை, விக்டோரியா’ என்று மட்டும். விக்டோரியாவின் கரை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வெறுமையான பற்குழி ஒன்றில் சாம்பல் நிறப் படிவு கொஞ்சம் ஒட்டியிருந்தது. உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் சுரண்டிச் சிறு குப்பியில் சேர்த்தேன். அதில் போராமினிபெரா என்ற கண்ணுக்கு எட்டாத கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருந்தால், எந்தக் காலப் படிவு என்று அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் சொல்லிவிடுவார். குப்பி போய்விட்டது. இடம் என்ற கட்டத்தில் ‘விக்டோரியா’ என்று போட்டு, வயது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்த பெட்டியில் திமிங்கில விலா.