கிரேடு தேர்வுக்கு டிஜிட்டல் பியானோ: கையில் பணம் குறைவாக இருந்தால் எதற்குக் கொடுப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டே, சென்னையில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோவை வைத்துக்கொண்டுதான் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசைத் தேர்வுகளான டிரினிட்டி கிரேடுகளுக்குத் தயாரானேன். அதே கிளாஸில் பிள்ளைகளைச் சேர்க்கும் அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "நாற்பது ஆயிரத்தை ஒட்டி எது வாங்கலாம்?"

மாடலைப் பார்க்கும் முன்னால் எந்தத் தேர்வு என்பதை முடிவு பண்ணுங்கள். டிரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனி சிலபஸ், பியானோவுக்குத் தனி சிலபஸ். கீபோர்டு கிரேடு என்றால் ரிதம், ஸ்டைல், டோன் மாற்றுவது எல்லாம் தேர்விலேயே வரும். அதற்கு 61 கீ உள்ள நல்ல கீபோர்டு போதும், செலவும் பாதிதான். பியானோ கிரேடு என்றால் 88 கீ, அதுவும் ஹேமர் ஆக்‌ஷன் உள்ள, அதாவது நிஜ பியானோ மாதிரி உள்ளே சுத்தியல் அசைந்து விரலுக்கு எடை தெரியும் வெயிட்டட் கீ வேண்டும். "இப்போதைக்கு கீபோர்டில் பழகட்டும், அப்புறம் பியானோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எடையே இல்லாத கீயில் பழகிய விரலுக்கு, மெதுவாக வாசிப்பதும் பலமாக வாசிப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. அதை மாற்ற மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இதை மார்க்கோடு சேர்த்துப் பாருங்கள். 100 மார்க்கில் 66 மார்க் மூன்று பீஸ்களுக்கு (தேர்வில் வாசிக்கும் பாட்டுகள்), ஒவ்வொன்றுக்கும் 22. அந்த 22-இல் நோட் பிசகாமல் தடங்கலின்றி வாசிப்பதற்கு 7. மீதி 15 விரல் நுட்பத்துக்கும், பாட்டின் உணர்வைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்ப்பதற்கும். அந்த 15-ஐ வாங்கித் தருவது கீயின் எடையும் பெடலும்தான். ஐந்நூறு டோன்களும் இருநூறு ரிதமும் அதில் ஒரு மார்க்கும் சேர்க்காது.

கடையில் டெமோ பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரிவர்பையும் (எதிரொலி எஃபெக்ட்) ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். வால்யூம் நடுவில் இருக்கட்டும். முதலில் ஒரு ஸ்கேலை (வரிசையாக ஏறி இறங்கும் நோட்டுகள்) எவ்வளவு சத்தம் குறைவாக முடியுமோ அவ்வளவு சத்தம் குறைவாக வாசியுங்கள். சில நோட்டுகள் விழுங்கப்பட்டால் கவனியுங்கள். அடுத்து ஒரே கீயை 3-2-1 விரல்களால் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுங்கள். கீ மேலே வருவதற்குள் அடுத்த விரல் இறங்கினால் சத்தம் வருகிறதா பாருங்கள். மூன்றாவதாக, கருப்புக் கீகளுக்கு நடுவே, வெள்ளைக் கீயின் உள்பக்கத்தை அழுத்துங்கள். விலை குறைந்த மாடல்களில் அந்த இடம் இறுகலாக இருக்கும். ஷார்ப், ஃபிளாட் நிறைய வரும் பீஸ்களில் விரல் நிற்பது அங்கேதான். கடைசியாக வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து வாசியுங்கள். அந்த 'டொக் டொக்' ஹெட்ஃபோன் போட்டாலும் கீழ் வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டால் பெரிதும் குறையும்.

மாடல்கள்: யமஹா பி-45, அதற்குப் பதிலாக 2023-இல் வந்த பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. கீயின் உணர்வுக்காக மட்டும் என்றால் என் கை ரோலண்ட் பக்கம்தான் போகும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு கேசியோ வசதி, பத்தரைக் கிலோதான். பி-45 பழையதாக எளிதில் கிடைக்கும். அதன் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை, 64 என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். ஐந்தாம் கிரேடு வரைக்கும் அது தடையாக இருக்காது என்பது என் கருத்து.

பழையது வாங்கினால் 88 கீயையும் ஒவ்வொன்றாக, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அழுத்தி வாசித்துப் பாருங்கள். மெதுவாகத் தொட்டும் ஒரு நோட் மட்டும் திடீரென்று கத்தினால், உள்ளே ரப்பர் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம் அல்லது தூசி படிந்திருக்கலாம். சர்வீஸ் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அடாப்டர் கம்பெனியுடையதுதானா என்றும் பாருங்கள்.

பெடலுக்கும் ஸ்டாண்டுக்கும் முதலிலேயே காசு ஒதுக்கி வையுங்கள். கூட வரும் சின்னச் சதுர பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பியானோ பெடல் வடிவில் உள்ள கனமான ஒன்றைத் தனியாக வாங்குங்கள், ஆனால் உங்கள் மாடலுக்கு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பொலாரிட்டி (பெடலின் மின் இணைப்பு முறை) மாறியிருந்தால், காலை எடுத்தால் நோட் நீளும், அழுத்தினால் நிற்கும். எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் பலமாக வாசிக்கும்போது ஆடும். நாலு கால் உள்ள மேஜை மாதிரி ஸ்டாண்டாக இருந்தால் நல்லது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் குழந்தைகளுக்குக் கட்டாயம். முழங்கை கீயின் மட்டத்துக்கு வரவில்லையென்றால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் டச் செட்டிங்கை 'சாஃப்ட்' ஆக்கிவிடாதீர்கள். லேசாகத் தொட்டாலே பெரிய சத்தம் வரும், சுகமாக இருக்கும், விரல் சோம்பேறியாகும். 'மீடியம்' வையுங்கள், தேர்வு நெருங்கும்போது 'ஹார்ட்' போடுங்கள்.

சென்டருக்கு நேரில் போய் வாசிப்பவர்கள், அங்கே இருக்கும் பியானோவில்தான் வாசிக்க வேண்டும். அதன் கீ உங்களுடையதைவிட கனமாக இருக்கலாம், சத்தம் முகத்துக்கு எதிரே வந்து விழும். கடைசி சில வாரங்களில் டீச்சர் வீட்டிலோ சர்ச்சிலோ உள்ள அகௌஸ்டிக் பியானோவில் (கம்பியும் சுத்தியலும் உள்ள நிஜ பியானோ) மூன்று பீஸையும் வாசித்துப் பார்க்கக் கேளுங்கள். டிரினிட்டியில் எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பதை நாமே சொல்லலாம். டிஜிட்டலில் பழகியவர்கள் ஸ்கேல் மாதிரி விரல் பயிற்சிகள் வரும் டெக்னிக்கல் வொர்க்கை முதலில் கேட்டு வாங்குங்கள். அதற்கு 14 மார்க்தான். அந்த ஸ்கேல்களை வாசிக்கும்போதே புதுக் கீயின் எடை கைக்குப் பிடிபட்டுவிடும், பீஸுக்குப் போகும்போது தடுமாற்றம் இருக்காது.