ஒரு பக்கம் மட்டும் மின்னும் கப்சாய்

அப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் ஆறு வருடமாக வீட்டுப் பின்பக்கத்தில், பழைய கோழிக்கூண்டை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. மேலே ஒரு கேன்வாஸ், அதற்கும் மேலே அம்மா மிளகாய் காயப்போடும் தட்டு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதி வீடுகளில் இப்படி ஒரு கப்சாய் தூங்கிக்கொண்டிருக்கும். ரப்பர் தோட்டத்தை விட்டு வரும்போது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டுச் சாமான்களோடு சேர்ந்து வந்தவை. (ஹோண்டாவின் ‘கப்’ என்ற பெயரோடு சீனர்கள் ‘சாய்’ என்று ஒட்டியதுதான் கப்சாய். குட்டிக் கப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

எஞ்சின் கதை சுருக்கமானது. பிளக் மாற்றி, கார்ப்பரேட்டர் கழுவி, புது பெட்ரோல் ஊற்றினேன். ஏழாவது உதையில் புகைந்தது, ஒன்பதாவதில் ஓடியது. என்னைப் பாடாய்ப் படுத்தியது எஞ்சின் அல்ல, அதன் இரண்டு பக்கமும் மூடியிருக்கும் அலுமினிய கவர்கள்.

அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். 1981இல் கடனுக்கு வாங்கிய இந்த மோட்டார்தான் விடியலில் அவரை நிரைக்கு, அவர் வெட்டும் மர வரிசைக்கு, கொண்டுபோகும், மதியம் கட்டிப்பால் (உறைந்த ரப்பர்) மூட்டையோடு திரும்பும். அந்த மூட்டையிலிருந்து வடியும் தண்ணீரின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால் உறைவதற்கு ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட்டும் அதில் கொஞ்சம் இருக்கும். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்தான். அது வருடக்கணக்கில் தெறித்து, அதோடு மழையும் செம்மண்ணும் சேர்ந்து, கவர் முழுக்க வெள்ளைத் திட்டு, ஊசி குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். மேல் பூச்சு பாதி உரிந்திருந்தது.

ஒரே ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு. இடது பக்கக் கவரில், கியர் பெடலுக்கு மேலே, முட்டை அளவுக்கு ஓர் இடம் பளபளவென்று இருந்தது. அப்பாவின் பூட்ஸ் உரசி உரசித் தேய்ந்த இடம்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் முட்டாள்தனம்.

வலது பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். அடுப்பு, ஓவன் கழுவும் ஸ்ப்ரே ஒன்றைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி வந்து தாராளமாக அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், நுரை கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கவர் அடுப்புக்கரி நிறத்தில் இருக்கிறது. டப்பாவின் பின்னால், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், காஸ்டிக் சோடா.

அலுமினியம் காற்றுப் பட்டதும் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல்தான் அதற்குக் காவல். காஸ்டிக் சோடா முதலில் அந்தத் தோலைக் கரைக்கும், அப்புறம் உள்ளே இருக்கும் உலோகத்தையே தின்னும். நுரைத்து வந்தது ஹைட்ரஜன். எஞ்சின் கவர் சுத்த அலுமினியமும் அல்ல. வார்ப்புக்காகச் சிலிக்கான் போன்றவை கலந்திருப்பார்கள். அலுமினியம் கரைந்து போக, கரையாத அந்தச் சரக்கு மேலே கறுப்பாகத் தங்கிவிடுகிறது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். லயத்தில் பாட்டி சோறாக்கிய அலுமினியச் சட்டி உள்ளே கறுத்துப்போனால் புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பார், வெளுத்துவிடும். சலவைச் சோடாவை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே திட்டு விழும். அலுமினியத்துக்கு இலேசான புளிப்பு ஆகும், சோடா ஆகாது. வெட்கத்தோடு கவரிலும் புளியைத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். கேஸ் முற்றிவிட்டிருந்தது.

சரி, கழற்றித் தேய்ப்பது என்று முடிவு செய்தேன். வலது கவருக்குள் கிளட்ச் இருப்பதால் முதலில் எண்ணெயை இறக்க வேண்டும். திருகுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்கச் சாதாரண ஸ்டார் திருகு போலவே இருக்கும், ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். இரண்டு தலையைத் தின்ற பிறகுதான் பக்கத்துத் தெரு மெக்கானிக் மாமாவிடம் போனேன். சுத்தியால் அடித்தால் திரும்பும் இம்பேக்ட் டிரைவரைக் கொடுத்து, “இத முதல்லயே வந்து கேட்டிருக்கலாம்லா” என்றார்.

சேண்ட்பேப்பர் வேலைக்குப் பொறுமைதான் மூலதனம். சொரசொரப்பான 320 நம்பரில் தொடங்கி, நைசாகிக்கொண்டே 400, 600, 800, 1000, 1500, 2000. எல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முதல் நம்பர் நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே. முந்தைய கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாத வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. நான் 400இலிருந்து நேராக 1000க்குத் தாவினேன். 1000இல் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரியும். பாலிஷ் ஏறிய பிறகுதான் 400இன் கோடுகள் தலைகாட்டும். மறுபடி 600. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அப்புறம் பஞ்சுச் சக்கரம். மாமாவிடம் இருந்த ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டரில் கல்லைக் கழற்றித் துணிச்சக்கரம் மாட்டினோம். சக்கரத்தில் தடவும் பாலிஷ் கட்டி, முதலில் பழுப்பு, பிறகு வெள்ளை. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். சக்கரத்தின் அச்சுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும், விளிம்பைச் சக்கரத்துக்கு எதிராகக் காட்டவே கூடாது என்று மாமா சொன்னார். காட்டினேன். கவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவர் வீட்டுத் துளசிச் செடித் தொட்டியில் மோதியது. கவருக்கு ஒரு சின்னச் சொட்டை, தொட்டிக்குப் பெரிய சொட்டை. அத்தை இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார், அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பு தீட்டிய அதே மெஷினில் அலுமினியத் தூளைச் சேரவிடக் கூடாது. துருத்தூளும் அலுமினியத்தூளும் கலந்து அதில் பொறி விழுந்தால், அது தண்டவாளம் ஒட்டவைக்கிற தெர்மைட் சரக்கு. மெஷினை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். மூக்குக்கு முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி.

கடைசியில் ஆட்டோசோல் என்ற உலோகப் பாலிஷ் பசை, அப்பாவின் பழைய பனியன் துணி. துணி கன்னங்கரேலென்று ஆகும், அழுக்கு போகவில்லையே என்று பதற வேண்டாம். அந்தக் கறுப்பு அலுமினியமேதான், எத்தனை முறை துடைத்தாலும் வரும். மிச்சப் பிசுக்கை எடுக்க மாவு தூவித் துடைப்பார்கள். நான் அம்மாவின் அரிசி மாவைக் கொஞ்சம் எடுத்தேன். முகத்தைப் பார்த்துச் சவரம் செய்யலாம் போல ஆகிவிட்டது.

சைலன்சர் சுலபம். குரோமின் மேல் துருப்புள்ளிகளுக்குச் சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே போதும். அலுமினியம் குரோமைவிட மெத்து என்பதால் கீறாது. குரோமில் சேண்ட்பேப்பர் மட்டும் வைக்காதீர்கள். அது ஒரு மைக்ரான்கூட இல்லாத பூச்சு. நீலம் பாய்ந்த மினுப்பு போய் இலேசாக மஞ்சள் தெரிந்தால், அடியில் உள்ள நிக்கலுக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாமா என் வலது கவரைப் பார்த்துவிட்டு, “புதுசா வந்தப்பவே இது இப்படி மின்னலையேடா” என்றார். உண்மைதான். எங்கள் ஊரில் மத்தியானம் தவறாமல் மழை. வேக்ஸ் தடவியும் மூன்றாவது வாரமே மங்கத் தொடங்கியது. லேக்கர் என்ற நிறமில்லாப் பூச்சு அடிக்கலாம், ஆனால் எஞ்சின் சூட்டில் அது மஞ்சளாகி உரிந்தால் அதைச் சுரண்டுவது தனி வேலை. எனக்குப் பிடித்தது 1000 நம்பரோடு நிறுத்தி, கையால் இலேசாக ஆட்டோசோல் போடுவது. மங்கினாலும் அசிங்கமாகத் தெரியாது.

அந்த முடிவோடுதான் இடது கவரின் முன் உட்கார்ந்தேன். 320ஐ நனைத்துக் கையில் வைத்திருந்தேன். அந்த முட்டை அளவு இடத்தை விட்டுவிட்டுச் சுற்றித் தேய்க்கலாமா என்று யோசித்தேன். சுற்றிலும் மின்னினால் அது எங்கே என்று எனக்கே தெரியாது. மொத்தமாகத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஆறிப்போனது. கடைசியில் ஈரத்துணியால் செம்மண்ணை மட்டும் துடைத்து எழுந்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் சந்தைக்கு அம்மாவை அதில்தான் அழைத்துப்போகிறேன். முதல் நாள் கூடையோடு ஏறப் போனவர், மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னடா, என் மாவு தீந்துபோச்சா? இந்தப் பக்கம் கழுவவே இல்ல?”